டயோராமாவுக்குத் தமிழ்: ஊடுகாட்சியா, உறைகளமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

உருவங்களையும் சுற்றுப்புறத்தையும் சேர்த்து ஒரு காட்சியாக அமைத்துக் காட்டும் மாதிரிக்கு டயோராமா என்று பெயர். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற கேள்விக்கு நம் கலைச்சொல் குழுமத்தில் ஊடுகாட்சி, முப்பரிமாணக் காட்சி, சிற்றுருக்காட்சி, குறுங்களம் என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. மேசைமேல் பாதியில் நிற்கும் வேலையை வைத்து நான்கையும் உரசிப் பார்த்தேன்.

வேலை இதுதான். எரித்திரியாவின் தலைநகர் அஸ்மாராவில் ஃபியட் தாலியேரோ என்று ஒரு பழைய பெட்ரோல் பங்க் கட்டடம் இருக்கிறது. இத்தாலியப் பொறியாளர் ஜூசெப்பே பெத்தாத்ஸி 1938-இல் கட்டியது. விமான வடிவம். நடுவில் ஒரு கோபுரம், அதிலிருந்து பக்கத்துக்கு 15 மீட்டர் நீளும் கான்கிரீட் இறக்கைகள், கீழே ஒரு தூண்கூடக் கிடையாது. அதே காலத்தில்தான் நம் புதுச்சேரியில் கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்டின் கோல்கொண்டே விடுதிக்கும் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இதை 72-இல் 1 என்ற அளவில் செய்கிறேன். ஓர் இறக்கை ஏறக்குறைய 21 சென்டிமீட்டர் வருகிறது. சன்போர்டில் (எடை குறைந்த நுரைப் பலகை) வெட்டி ஒட்டினால் சும்மா நிற்கிறது. சிக்கலே அதுதான்! அசல் கட்டடத்தைப் பார்த்தால் ‘விழுந்துவிடாதா’ என்று வயிறு கலங்கும். மாதிரியைப் பார்த்தால் எதுவும் ஆகாது. அளவு சுருங்கும்போது எடை நீளத்தின் மும்மடியாகக் குறைகிறது, அதைத் தாங்கும் குறுக்குவெட்டுப் பரப்போ இருமடியாகத்தான் குறைகிறது. அதனால் சின்ன இறக்கைக்குத் தன் எடை ஒரு பாரமே இல்லை. பெத்தாத்ஸியின் துணிச்சலைக் கட்டடத்தின் மாதிரி மட்டும் காட்டாது. சுற்றி ஏதாவது நடந்தாக வேண்டும்.

நடந்ததாக ஒரு கதை உண்டு. இறக்கைகளுக்கு முட்டு வேண்டும் என்று அதிகாரிகள் பிடிவாதம் பிடிக்க, வரைபடத்தில் தூண்களைக் காட்டிவிட்டு, திறப்பு நாளில் முட்டுகளை எடுக்கச் சொன்னாராம். மேஸ்திரி தயங்க, பெத்தாத்ஸி துப்பாக்கியை நீட்டினாராம். உண்மையோ, ஊர் வாயோ, மாதிரி செய்கிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? இறக்கைக்கடியில் பாதி உருவிய சவுக்குக் கட்டைகள், எட்டி நின்று அண்ணாந்து பார்க்கும் நாலு பேர், நாலரை சென்டிமீட்டரில் ஒரு ஃபியட் டோப்போலினோ குட்டிக் கார். அதே கட்டடத்தை வைத்துக் கட்டைகளை எடுத்துவிட்டு, தரையில் எண்ணெய்க் கறை பூசி, வண்டிகளை வரிசையில் நிறுத்தினால் அது வேறு டயோராமா. மாதிரி ஒன்று, டயோராமா இரண்டு. கலைச்சொல் இந்த வேறுபாட்டைப் பிடிக்க வேண்டும் என்பது என் வாதம்.

‘ஊடுகாட்சி’ கிரேக்க வேரை அப்படியே பெயர்த்தது. எக்ஸ்ரேயை ‘ஊடுகதிர்’ என்று கேட்டுப் பழகிய காதுக்கு இது ஏதோ ஸ்கேன் போலப் படும். ‘முப்பரிமாணக் காட்சி’ என்றால் கண்ணாடி மாட்டிப் பார்க்கும் சினிமா. ‘குறுங்களம்’ எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் விலங்குகள் முழு உருவத்தில் நிற்கின்றன, அவையும் டயோராமாதான். அங்கே ‘குறு’ எங்கே போகும்? சிற்றுருக்காட்சிக்கும் இதே இடி.

என் பரிந்துரை: உறைகளம். உறைந்த ஒரு நொடியும் அது நடக்கும் தரையும் சேர்ந்தது. ‘உறைவிடம்’ என்பதில் வரும் தங்குதல் பொருளும் கூடவே கிடைக்கிறது. மேசை அளவில் செய்வதைச் சிற்றுரு உறைகளம் எனலாம்.

முத்தியால்பேட்டை, புதுச்சேரி

*

தம்பிக்கு வணக்கம்.

பங்க் நன்றாக வரட்டும். இறக்கையின் அடிப்பக்கத்தையும் மறக்காமல் பூசுங்கள். கீழே குனிந்து பார்ப்பதற்கென்றே வருபவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டு தடைகள். ஒன்று, 1822-இல் பாரிஸில் பிரெஞ்சு ஓவியர் தாகேர் காட்டிய முதல் டயோராமா உறைந்ததே அல்ல. பெரிய திரை ஓவியத்தின்மீது வெளிச்சத்தை மாற்றிப் பகலை இரவாக்கிக் காட்டியிருக்கிறார். இரண்டு, எங்கள் கடலூர் வண்டிப்பாளையத்தில் கொலு பொம்மை செய்கிறார்கள். அதை வாங்கிப்போய்ப் படிக்குப் பக்கத்தில் மணல் கொட்டி, கடுகு முளைக்கவைத்துப் புல்லாக்கி, முகம் பார்க்கும் கண்ணாடியைக் குளமாக்கி, பிள்ளைகள் ‘பார்க்’ கட்டுகிறார்கள். டயோராமா என்ற பெயரே தெரியாமல் எத்தனையோ வருஷமாக நடக்கிறது. அந்த வழக்கிலிருந்து ஒரு சொல்லை எடுத்தால் என்ன? கொலுக்களம்?

அப்புறம், இலக்கணம் பார்ப்பவர்கள் ‘உறைக்களம்’ என்று திருத்த வருவார்கள். இப்போதே பதில் சொல்லிவிடுங்கள்.

மஞ்சக்குப்பம், கடலூர்

*

ஐயா, வணக்கம்.

இலக்கணம் எளிது. உறைந்த, உறைகின்ற, உறையும் களம் என விரிவதால் வினைத்தொகை. ஊறுகாய், சுடுசோறு போல வல்லினம் மிகாது. ‘உறைக்களம்’ என்றால் தலையணை உறை விற்கும் இடமாகிவிடும்.

தாகேரின் காட்சி இன்று வழக்கில் இல்லை. வரலாறு எழுதுகிறவர்கள் அதைத் ‘தாகேரின் டயோராமா’ என்றே எழுதட்டும். இன்று கடையில் பசையும் புல்தூளும் வாங்குகிறவருக்குத்தான் சொல் வேண்டும்.

கொலுக்களத்தை விட மனசில்லைதான். ஆனால் கொலு என்றதும் நவராத்திரியும் சுண்டலும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன; போர்முனைக் காட்சிக்கோ விபத்துக் காட்சிக்கோ ஒட்டாது. கொலுவில் வைப்பதற்கு மட்டும் கொலுக்களம் என்று இருக்கட்டும். மற்றவை உறைகளம். மறுப்பு இல்லையென்றால் பட்டியலில் இப்படியே ஏற்றிவிடுகிறேன்.

மிச்சம் இருப்பது அளவு விகிதம். ‘ஒன்றுக்கு எழுபத்திரண்டு’ என்று சிலர் எழுதுகிறார்கள், அது 72 மடங்கு பெரியது போலக் கேட்கிறது. ‘72-இல் 1’ என்றே வைத்துக்கொள்ளலாமா? வரைபடப் பாடம் நடத்திய ஆசிரியர்கள் குழுமத்தில் இருக்கிறார்கள், அவர்கள் சொல்லட்டும்.

முத்தியால்பேட்டை, புதுச்சேரி