திருகோணமலையில் குழுவாகச் சைக்கிள் ஓட ஆட்களைச் சேர்ப்பது எப்படி?

உவர்மலைவாசி: 2022 இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது ஊரில் எத்தனை பேர் சைக்கிளில் திரிந்தார்கள், பெற்றோல் கிடைத்ததும் அவையெல்லாம் கொட்டிலுக்குள் போய்விட்டன. பிள்ளைகளுக்குப் பழக்குவது, வார இறுதியில் குழுவாக ஓடுவது, இரண்டையும் சேர்த்துச் செய்ய ஆசை. எங்கே தொடங்கலாம்?

சைக்கிள் திருத்துபவர்: தம்பி, முதலில் எங்களைப் போன்ற கடைக்காரர்களிடம் பேசுங்கள். ஒட்டுப் போடவும் பிரேக் கட்டை மாற்றவும் சீற் உயரத்தைச் சரிபார்க்கவும் ஒரு பின்னேரம் பாடசாலை மைதானத்தில் காட்டித் தருகிறேன், காசு வேண்டாம். சின்னப் பழுதைத் தானே பார்க்கத் தெரிந்தால் சைக்கிள் சும்மா கிடக்காது.

ரீச்சர்: வீதிக்கு இறங்க முன் மைதானம்தான் சரி. முன் பிரேக்கை மட்டும் சட்டென்று பிடித்தால் பின் சக்கரம் தூக்கும், இரண்டையும் சேர்த்துப் பிடிக்கப் பழக்க வேண்டும். அப்புறம் தோளுக்கு மேலால் திரும்பிப் பார்த்தபடி நேராக ஓடுவது. இதற்குத்தான் நிறைய நேரம் எடுக்கும், அவசரப்படுத்தாதீர்கள். அம்மாமாரையும் கூப்பிடுங்கள், அவர்கள் வந்தால் பெண்பிள்ளைகளும் வருவார்கள்.

உப்புவெளிக்காரன்: முதல் ஓட்டத்துக்கு உட்துறைமுக வீதி போதும், விடியற்காலையில். பழகியபின் உப்புவெளி, பிறகு கன்னியா வெந்நீர் ஊற்று. இடதுபக்கம் ஒருவர் பின் ஒருவராக, வேகம் குறைந்தவரின் வேகத்தில். கடைசியில் பம்புடன் ஒருவர் கட்டாயம். கச்சான் என்ற வெப்பக் காற்று அடிக்கும் மாதங்களில் எட்டு மணிக்கு முன் வீடு திரும்பிவிடுங்கள்.