டிவிடியிலிருந்து ரிப் செய்த (கம்ப்யூட்டர் ஃபைலா எடுத்த) படத்தில் வசனம் அமுங்குது, கதவு அலறுது: உங்க அனுபவம்?

ராத்திரிக்காட்சி:
டிவிடியில 5.1 ஏசி3 டிராக் (ஆறு சேனல் டால்பி டிஜிட்டல் ஒலி). வீடியோ மாத்துற ஹேண்ட்பிரேக் மென்பொருள்ல அதை ரெண்டு சேனல் ஏஏசி ஸ்டீரியோவா மாத்தினேன், 160 கேபிபிஎஸ். அம்மா மகன்கிட்ட குசுகுசுன்னு பேசுற காட்சிக்கு டிவி வால்யூம் 40 வேணும். அடுத்த ஷாட்லயே கதவைப் படார்னு சாத்துறாங்க, ரிமோட்டைத் தேட வேண்டியதா போச்சு. கெயினை +12 டெசிபல் வச்சு மறுபடி ஓட்டினா வசனம் கேக்குது, கதவு தகரத்தைக் கிழிச்ச மாதிரி கரகரங்குது.

ஒலிப்பெட்டி:
கெயின் எல்லாத்தையும் ஒரே அளவுக்குத் தூக்கும். கதவுச் சத்தம் ஏற்கெனவே உச்சியில நிக்குது, மேல 12 ஏத்தினா அலையோட தலை வெட்டுப்படும். பிறகு வால்யூமைக் குறைச்சாலும் அந்தக் கரகரப்பு போகாது. பக்கத்துலயே இருக்கிற டிஆர்சியைத் தொடுங்க, அது பெரிய சத்தத்துக்கும் சின்ன சத்தத்துக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கும். எங்கே எவ்வளவு அமுக்கலாம்னு ஏசி3 டிராக்குக்குள்ளயே குறிப்பு இருக்கு. 1 வச்சா குறிப்புல உள்ளபடி. ராத்திரிக்கு 1.5லிருந்து 2.5 போதும். 4 வரை போகும், ஆனா சத்தம் மூச்சு வாங்குற மாதிரி ஏறி இறங்கும். பாஸ்த்ரூ (மூல ஒலியை மாத்தாம அப்படியே எடுக்கிறது) வச்சிருந்தா டிஆர்சி, கெயின் ரெண்டும் வேலை செய்யாது. மூல டிராக் ஏசி3 இல்லாம டிடிஎஸ்ங்கிற வேற ஒலி வகைன்னா டிஆர்சி சும்மா நிக்கும்.

தேங்காய்நார்:
ஒலிப்பெட்டி சொன்னது பாதி மருந்து. நோய் டவுன்மிக்ஸ்ல, அதாவது ஆறு சேனலை ரெண்டா கலக்குற இடத்துல. 5.1ல பேச்சு பெரும்பாலும் நடு சேனல்லதான் இருக்கும். ஸ்டீரியோவுக்கு வழக்கமான கணக்கு: முன் 1, நடு 0.707, பக்கச் சேனல் 0.707. கூட்டினா 2.414. உடையாம இருக்க அதால வகுத்தா நடுவுக்கு மிஞ்சுறது 0.293தான், கிட்டத்தட்ட 10.7 டெசிபல் இறக்கம். வகுக்காம விட்டா சண்டைக் காட்சியில ஒலி அலை வெட்டுப்படும்.
எஃப்எஃப்எம்பெக்ங்கிற கமாண்ட்-லைன் மென்பொருளோட பேன் ஃபில்டர்ல (சேனல் கலக்குற வசதி) நடு 1, முன் 0.3, பக்கம் 0.3 கொடுங்க. சமக்குறிக்குப் பதிலா < போட்டா அதுவே வகுத்துக்கும், நடு 0.625ல நிக்கும். பாட்டு மெலிஞ்சு போகும், அப்ப முன் 0.5. ஃபைல் விவரம் காட்டுற எஃப்எஃப்ப்ரோப் '5.1 சைடு'ன்னு காட்டினா பக்கச் சேனல் பேர் எஸ்எல், எஸ்ஆர் (பக்க இடது, வலது). வெறும் '5.1'னா பிஎல், பிஆர் (பின் இடது, வலது). டிவிடி ஏசி3 முதல் வகை. இதைக் கவனிக்காமலே நிறைய பேர் பிஎல்னு காப்பி அடிக்கிறாங்க.

மூணாம்மாடி:
ஒரு படத்துக்குள்ள சரி. ஃபோல்டர் முழுக்க ஒரே சத்தம் வேணும்னு எஃப்எஃப்எம்பெக்கோட லவுட்நார்ம் (சத்தத்தைச் சமப்படுத்துற ஃபில்டர்) போட்டா என்ன ஆகும்? ஒரே ஓட்டத்துல விட்டா சத்தத்தை நேரத்துக்கு நேரம் மாத்திக்கிட்டே போகும், இதுதான் டைனமிக். அதோட உள்ளே சாம்பிள் ரேட்டை 192 கிலோஹெர்ட்ஸுக்கு ஏத்திடும். 48000னு சொல்லாம விட்டா ஏஏசி டிராக் 96 கிலோஹெர்ட்ஸ்ல வந்து நிக்கும், பழைய டிவி பாடாது.
ரெண்டு ஓட்டம் விடுங்க. முதல் ஓட்டத்துல அளந்த ஐந்து எண்களையும் ரெண்டாவதுக்குக் கொடுத்து லீனியர் (படம் முழுக்க ஒரே அளவு ஏத்த இறக்கம்) கேளுங்க. அப்பவும் ஏமாத்தும். படம் -27 எல்யூஎஃப்எஸ் (சராசரி சத்தத்தோட அலகு), உச்சி -1னு வைங்க. இலக்கு -16னா 11 டெசிபல் ஏத்தணும், உச்சி இடிக்கும், சொல்லாமலே டைனமிக்குக்குத் தாவிடும். எல்ஆர்ஏ (மெல்லிய, பெரிய சத்தங்களுக்கு நடுவுள்ள வீச்சு) இலக்கு இயல்பா 7, படத்துல அளந்தது அதைவிட அதிகமா இருந்தாலும் அதே கதை. கடைசியில அச்சாகிற அறிக்கையில லீனியரா டைனமிக்கான்னு இருக்கும், பாருங்க. என் கட்சி: சத்தம் கம்மியான படத்தைத் தூக்காதீங்க, சத்தமானதை -24க்கு இறக்குங்க. வீடியோவை காப்பி மோடுல விட்டா சில நிமிஷ வேலை.

ஒலிப்பெட்டி:
டைனமிக் அவ்வளவு பாவமில்ல, ஃபோன் ஸ்பீக்கருக்கு அதுதான் நல்லது. தேங்காய்நார் கணக்கு சரி, ஒத்துக்கிறேன். எதைச் செஞ்சாலும் எம்கேவி ஃபைல்ல முதல் டிராக் இந்த ஸ்டீரியோ, ரெண்டாவது மூல ஏசி3 பாஸ்த்ரூ. 448 கேபிபிஎஸ்னா 2 மணி நேரப் படத்துக்கு 400 எம்பிதான்.

ராத்திரிக்காட்சி:
டிஆர்சி 2, கெயின் 0. கதவு அடங்கிடுச்சு. குசுகுசுப்பு இன்னும் அமுங்கித்தான் இருக்கு, பேன் எழுதிப் பாக்கறேன்.