டிராவல் டிரெய்லர் கூரை ஒழுகுது, சிலிகான் அடிச்சா போதுமா?

டாலஸ்வாசி:
2016 மாடல் டிரெய்லர் (காருக்குப் பின்னாடி இழுத்துட்டுப் போற வீட்டு வண்டி), செகண்ட் ஹேண்ட்ல வாங்குனது. போன வாரம் பேஞ்ச மழைக்கு அப்புறம் ஏசிக்குப் பக்கத்துல சீலிங்ல டீக்கறை மாதிரி ஒரு வட்டம், விரல வெச்சு அமுக்குனா மெத்துனு உள்ள போகுது. மேல ஏறிப் பாத்தேன், வெள்ளை ரப்பர் எங்கயும் கிழியல, கூரைல காத்து போற வென்ட்ட சுத்தி, இடுக்க அடைக்குற பழைய சீலன்ட் மட்டும் வெடிச்சுக் கிடக்கு. டீலர் கூரையையே மாத்தணும்ங்கறாரு, ரேட்ட கேட்டா தல சுத்துது. வீட்ல கெடக்குற சிலிகான அடிச்சு விட்டா தாங்குமா?

கூரைமேல்காரன்:
சிலிகான் பக்கமே போகாதீங்க ப்ரோ. ரப்பர்ல அது சரியா புடிக்காது, கொஞ்ச நாள்ல ஓரம் தூக்கிக்கும், அப்புறம் அந்த எடத்துல வேற எந்த சீலன்ட்டும் ஒட்டாது, சுரண்டி எடுக்குறதுக்குள்ள உயிர் போயிடும். மேல கைய வெச்சுத் தேச்சுப் பாருங்க, வெள்ளையா மாவு ஒட்டுச்சுன்னா பெரும்பாலும் ஈபிடிஎம்ங்கற செயற்கை ரப்பர், அதுல பெட்ரோல், மினரல் ஸ்பிரிட் (பெயின்ட் தின்னர்) எதுவும் படக்கூடாது, ரப்பர் உப்பிக்கும். லூசா இருக்குற பழைய சீலன்ட்ட பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால எடுத்துட்டு, ஆல்கஹால்ல தொடச்சு, காஞ்சப்புறம் டைகோர் கம்பெனியோட செல்ஃப் லெவலிங் சீலன்ட் போடுங்க. அது தானா பரவும், அதனால கூரைக்கு மட்டும்தான், சைடு சுவருக்கு வழியாத வகைன்னு தனியா விக்குது.

ஆனா அதுக்கு முன்னாடி ஏசிய பாருங்க. உள்பக்க கவர கழட்டுனா நாலு நீள போல்ட் தெரியும், வண்டி குலுங்கிக் குலுங்கி அது லூசாகிடும். ஏசிக்கும் கூரைக்கும் நடுவுல இருக்குற கேஸ்கெட் (ஃபோம் வளையம்) அரை இன்ச்சுக்கு அமுங்குற வரைக்கும் மாத்தி மாத்தி டைட் பண்ணுங்க, ஒரேயடியா முறுக்காதீங்க.

ஸ்கார்பரோ அண்ணை:
தம்பி, தண்ணி சொட்டுற இடமும் பூருற இடமும் ஒண்டா இருக்கவேணும் எண்டில்லை. ரப்பருக்குக் கீழால ஓடி எங்கயோ போய்த்தான் விழும். முன்பக்க மூலையில விளிம்பை மூடுற மோல்டிங்கில பிளாஸ்டிக் பட்டி சுருங்கி, உள்ளுக்கு ஸ்க்ரூ கறள் பிடிச்சிருக்கோ எண்டும் பாருங்கோ. இஞ்ச கனடாவில எங்களுக்கு ஒரு சின்ன வெடிப்பே போதும், உள்ள போன தண்ணி பனிக்காலத்தில உறைஞ்சு அதைப் பெருப்பிச்சுப் போடும். நீல டார்ப்பால மட்டும் மூடாதேங்கோ, காத்துக்கு அடிச்சு அடிச்சு உரஞ்சி நல்ல ரப்பரையும் கிழிச்சுப் போடும். மேல பலகை மெத்தெண்டு இருந்தா நடக்கவும் வேண்டாம், ஒரு பிளைவுட் துண்டைப் போட்டு முழங்காலில போங்கோ.

நியூஜெர்சி நாடோடி:
சில சர்வீஸ் சென்டர்ல பிரஷர் டெஸ்ட் பண்ணுவாங்க. உள்ள ப்ளோயர் வெச்சு காத்தடைச்சு, வெளிய சோப்புத் தண்ணி தெளிப்பாங்க, சோப்புக் குமிழி வர்ற எடம்தான் ஓட்டை. அதப் பண்ணாம எட்டெர்னாபாண்ட்ங்கற கூரை ஒட்டு டேப்ப ஒட்டிடாதீங்க, ஒட்டுனா பிச்சு எடுக்க முடியாது, கீழ ஈரமான கட்டை இருந்தா அப்படியே உள்ளயே அழுகும். வெளிச்சுவர் எங்கயாச்சும் உப்பியிருக்கா? அப்படின்னா செலவு வேற லெவல்.

டாலஸ்வாசி:
சுவர் உப்பல. ஏசி கவர கழட்டிட்டேன், ரெண்டு போல்ட் கையாலயே சுத்துது! கேஸ்கெட்டும் ஒரு பக்கம் தட்டையாகிப் போச்சு, புதுசு ஆர்டர் போட்டாச்சு. ஏசிய சுத்தியும் சீலன்ட் போடணுமா, எத்தன டியூப் வாங்கட்டும்?

கூரைமேல்காரன்:
ஏசிய சுத்தி போடவே கூடாது, கேஸ்கெட் மட்டும்தான். சீலன்ட் போட்டு அடைச்சா ஏசில இருந்து வர்ற தண்ணி வெளிய போக வழியில்லாம உள்ள எறங்கும். மத்த வென்ட்டுக்கு தலைக்கு ஒரு டியூப்னு வாங்குங்க, சீலிங் நல்லா காயற வரைக்கும் உள்ள ஃபேன் ஓடட்டும்.