பழைய விண்ட்சர்ஃபிங் போர்டு: வாங்கியவர்கள், ஒட்டியவர்கள் அனுபவம்

விண்ட்சர்ஃபிங் என்றால் பாய் பொருத்திய பலகையில் நின்று காற்றில் தண்ணீர்மேல் போவது. அந்தப் பலகையை, அதாவது போர்டை, பழையதாக வாங்கும்போது பலரும் பெயிண்ட்டைத்தான் பார்க்கிறார்கள். நான் கையோடு தராசு கொண்டுபோவேன். இப்போது என்னிடம் இருக்கும் போர்டு பார்வைக்குப் புதுசு போலத்தான் இருந்தது. ஏற்றிப் பார்த்தால், தயாரிப்பாளர் சொன்ன எடையைவிட ஏறத்தாழ 3 கிலோ அதிகம். பழைய ரிப்பேர்களால் அரை கிலோ கூடியிருக்கலாம். மீதியெல்லாம் உள்ளே குடித்த தண்ணீர்.

விலை படியவே வாங்கி வந்தேன். நாணயத்தால் தட்டிக்கொண்டே போனேன். நல்ல இடத்தில் ‘டக் டக்’. கால்பட்டைகளுக்கு (பாதத்தை நுழைத்துக்கொள்ளும் பட்டைகள்) நடுவே, குதிகால் விழும் இடத்தில் ‘பொத்’. கட்டைவிரலால் அழுத்தினால் உள்வாங்கி மெதுவாக எழும்பியது. மேலோடு உள்ளே இருக்கும் தெர்மோகோலை விட்டுப் பிரிந்துவிட்டது என்று அர்த்தம்.

உள்ளே இருக்கும் காற்றை வெளியே விடுவதற்கான காற்றுத் திருகைக் கழற்றினால் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. சூடான மணலில் கிடக்கும் போர்டுக்குள் காற்று விரிந்திருக்கும். அப்படியே குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் சுருங்கும். அப்போது மயிரிழை வெடிப்பு இருந்தால்கூட அதன் வழியே தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

அடிப்பக்கம் ஒரு துளை போட்டு, வால் (பின்முனை) கீழே இருக்கும்படி நிழலில் சாய்த்து வைத்தேன். வாரம் ஒருமுறை எடை பார்ப்பேன். எடை இறங்குவது நின்ற பிறகுதான் ரெசின் டப்பாவையே திறந்தேன். சீக்கிரம் காயட்டும் என்று வெயிலில் போடாதீர்கள், பிரிந்த ஓடு இன்னும் உப்பும். அப்புறம் ‘பொத்’ இடத்தில் சின்னச் சின்னத் துளைகள் போட்டு, சிரிஞ்சில் எபாக்ஸி (இரண்டு பாகம் கலந்ததும் கெட்டியாகும் ரெசின்) செலுத்தி, மேலே பாரம் வைத்தேன். கெட்டியாகிவிட்டது.

*

முதலில் எழுதியவர் காய வைத்தது சரி, சிரிஞ்சு வேலையில்தான் எனக்கு நம்பிக்கை இல்லை. செலுத்திய ரெசின் ஒரு மூலையில் தேங்கிக் கல்லாகிவிடும், அதைச் சுற்றி மறுபடி பிரியும். உள்ளங்கை அகலத்துக்கு மேல் பிரிந்திருந்தால் நான் அந்த ஓட்டை அறுத்தே எடுத்துவிடுவேன். அடியில் நைந்த தெர்மோகோலைச் சுரண்டிவிட்டு, பிவிசி ஃபோம் தகடு பதித்து, மேலே கண்ணாடியிழைத் துணி. சுற்றிலும் உப்புத்தாளால் சரிவாகத் தேய்த்து, துணி பழைய ஓட்டின் மேல் சில சென்டிமீட்டராவது ஏறி உட்காரும்படி செய்ய வேண்டும். அந்தச் சரிவு இல்லாவிட்டால் ஒட்டின விளிம்பிலேயே மறுபடி வெடிக்கும்.

பாலியெஸ்டர் ரெசின் மலிவு என்று போய்விடாதீர்கள். அது பட்டால் தெர்மோகோல் கரைந்து குழியாகிவிடும். அசிட்டோனும் அப்படித்தான், ஓட்டைத் துடைக்கும்போது வெடிப்புக்குள் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். எபாக்ஸியையும் ஒரே தடவையில் தடிமனாக ஊற்றினால் சூடேறி உள்ளே இருப்பதை உருக்கிவிடும்.

*

என் போர்டுக்கு இந்த வைத்தியம் எதுவும் செல்லாது. பாலிஎத்திலீன் ஓடு. அமெரிக்கர்களான ஹாய்ல் ஷ்வைட்சரும் ஜிம் ட்ரேக்கும் 1968-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்களே, ‘விண்ட்சர்ஃபர்’ என்ற அந்த ஆரம்பகால போர்டு பிரபலமானதும் இந்த ஓட்டில்தான். கல்லில் மோதினாலும் கீறலோடு போய்விடும். ஆனால் கிழிந்தால் எபாக்ஸி ஒட்டவே ஒட்டாது, காய்ந்ததும் தோல் மாதிரி உரிந்து வந்துவிடும். அதே பிளாஸ்டிக்கில் கம்பி எடுத்து, சூடான காற்றால் உருக்கி வெல்டிங் செய்ய வேண்டும். அதனால் வாங்கும் முன் ஓடு என்ன பொருள் என்று கேட்டுவிடுங்கள்.

*

எல்லோரும் போர்டையே பேசுகிறீர்கள். பாய்மரத்தின் அடியில் அதைப் போர்டோடு சேர்க்கும் ரப்பர் இணைப்பை யாராவது வளைத்துப் பார்த்தீர்களா? நன்றாக வளைத்தால்தான் வெடிப்பு கண்ணில் படும். கரையிலிருந்து தூரத்தில் அது அறுந்தால் பாய் ஒரு பக்கம், போர்டு ஒரு பக்கம். வெடிப்பு தெரிந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். கூடவே இருக்கும் பாதுகாப்புக் கயிற்றையும் பாருங்கள், வெயில் பட்டு இற்றுப்போயிருக்கும்.

*

முதலில் எழுதியவன்தான். சிரிஞ்சு ஒட்டு ஒரு சீசன் தாண்டிவிட்டது, தட்டினால் இன்னும் ‘டக்’. ஆனால் பிரிந்த இடம் சின்னது, அதையும் சொல்ல வேண்டும். இப்போது தலைவலி கால்பட்டைத் திருகுகள், இரண்டுக்கு மரை போய்விட்டது. துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, எபாக்ஸியில் பொடித்த இழை கலந்து நிரப்பி, புதிதாகத் துளை போடலாம் என்றிருக்கிறேன். செய்தவர்கள் யாராவது இருந்தால், அது குதிக்கும்போது தாங்குகிறதா என்று சொல்லுங்கள்.