கியூபெக் சனத்துக்கு அமெரிக்கா எண்டா விருப்பமோ, கோபமோ?

பனிப்பூ:
ரொறன்ரோவில இருந்து மொன்றியலுக்கு வேலைக்கு வந்து எட்டு மாதம். இன்னும் ஒரு விசயம் பிடிபடேல்லை. எங்கட முகாமையாளர் பிரெஞ்சு பேசுற கியூபெக் பொம்பிளை. 2025 மார்ச்சில, அமெரிக்கா வரி போட்டதுக்குப் பதிலடியா, எஸ்.ஏ.கியூ. எண்ட கியூபெக் அரசாங்க மதுக்கடைகளில அமெரிக்க வைனை எல்லாம் தட்டில இருந்து எடுத்ததை இப்பவும் பெருமையாச் சொல்லுவா. அதே வாயால, சின்னனில மெயின் மாநிலத்து ஓல்ட் ஓர்ச்சர்ட் கடற்கரையில விளையாடின கதை. போன கிழமை மட்டும் மூண்டு தரம். என்ன கணக்கு இது?

லவால் லொறிக்காரன்:
தங்கச்சி, நான் பத்தொன்பது வருசம் லொறி ஓடினவன். இஞ்ச 15ஆம் நெடுஞ்சாலை. எல்லை தாண்டினா அதே ரோட்டுக்கு 87 எண்டு பேர். கியூபெக்காரருக்கு அமெரிக்காவும் அப்பிடித்தான்.

1840க்கும் 1930க்கும் இடையில ஒன்பது இலட்சம் பேரளவில இஞ்சயிருந்து அமெரிக்காவின்ர வடகிழக்கில இருக்கிற நியூ இங்கிலாந்துப் பக்கம் போயிட்டினம். காணி காணேல்லை, அங்க நெசவாலையில கூலி கிடைச்சது. லோவெல், மான்செஸ்டர், வூன்சொக்கெட் எல்லாம் அவையால நிறைஞ்ச ஊருகள்.

லோவெலில ஒரு சாமான் கிடங்கு. வாசலில நிண்ட கிழவன்ர சட்டையில ‘Benoit’ எண்டு பேர் குத்தியிருந்தது, பிரெஞ்சில ‘பெனுவா’. இஞ்ச பழகின வாயால ‘பொன்ஜூர் முசியே பெனுவா’ எண்டன். மனுசன் சிரிச்சுப்போட்டு, “என்ர பாட்டன் அப்பிடித்தான் சொல்லுவார், நான் பெனோயிட்” எண்டார். பிரெஞ்சில அவருக்குத் தெரிஞ்சது ஒரு செபம் மட்டும். உங்கட முகாமையாளர் வரியை விடப் பயப்பிடுறது இப்பிடிப் பாசை அழிஞ்சு போறதுக்குத்தான். (எங்கட பிள்ளையள் வீட்டில என்ன பாசையில சண்டை பிடிக்கினம் எண்டு கேக்காதேங்கோ.)

ஆனா யாவாரத்தில பயமில்லை. 1988 கனடாத் தேர்தல் அமெரிக்காவோட சுதந்திர வர்த்தக உடன்படிக்கையை வைச்சு நடந்தது. கியூபெக் 75 இடத்தில 63ஐ அந்த உடன்படிக்கையைக் கொண்டுவந்த பிரதமர் மல்ரோனிக்குக் குடுத்தது. கியூபெக்குக்குத் தனிநாடு கேட்ட தலைவர்மார் பரிசோவும் லாண்ட்ரியும் கூட அந்த உடன்படிக்கைக்கு ஆதரவு. தெற்கில சந்தை இருந்தா ஒன்ராறியோவின்ர கையைப் பாத்துக்கொண்டு இருக்கத் தேவையில்லையெல்லோ.

சகனே அலுமினியம்:
அண்ணை மின்சாரத்தை விட்டிட்டார். எங்கட மாகாண மின்சார நிறுவனம் ஹைட்ரோ-கியூபெக் நியூயோர்க் நகரத்துக்கு 1,250 மெகாவாட் குடுக்கவெண்டு, எல்லையில இருந்து ஏறக்குறைய 545 கிலோமீற்றருக்கு கேபிள் போயிருக்கு. கனதூரம் ஷாம்ப்ளேன் ஏரிக்கும் ஹட்சன் ஆத்துக்கும் அடியால. அலுமினியம் செய்யவும் கனக்க மின்சாரம் வேணும், அதுவும் ஒரு வகையில மின்சாரம் விக்கிறதுதான். கனடாவின்ர அலுமினியத்தில பெரும்பங்கு இஞ்சதான், வாங்கிறது அமெரிக்கா. 2025இல அதுக்கு அமெரிக்கா போட்ட வரி முதல் 25 வீதம், ஜூனில 50. எங்கட சாப்பாட்டு மேசையில அந்த நேரம் ஒருத்தரும் வைனைப் பற்றிக் கதைக்கேல்லை.

பனிப்பூ:
இண்டைக்கு மெல்லமாக் கேட்டன். அவவின்ர அம்மம்மாவின்ர தங்கச்சிமார் மான்செஸ்டரில போய்க் குடியேறினவையாம். பேரப்பிள்ளையள் அனுப்புற நத்தார் அட்டை முழுக்க ஆங்கிலமாம். அண்ணை, ஸ்ரான்ஸ்ரெட்டில எல்லைக்கோட்டுக்கு மேல ஒரு நூலகம் இருக்காமே? சனிக்கிழமை போவமெண்டு இருக்கிறம்.

லவால் லொறிக்காரன்:
ஹாஸ்கெல். 1904இல திறந்தது. வாசிக்கிற அறைத் தரையில கறுப்புக் கோடு ஒண்டு ஓடும், அதுதான் எல்லை. முன்வாசல் அமெரிக்காவின்ர வெர்மொண்ட் மாநிலத்தில. முந்தி இஞ்சத்தைச் சனம் சும்மா நடைபாதையால சுத்திப் போகும். 2025இல அமெரிக்கா அதை இறுக்கிப்போட்டுது. நீங்கள் கனடாப் பக்கக் கதவால போங்கோ. கடவுச்சீட்டையும் கையோட கொண்டு போங்கோ.