கரோலினா கூடைப்பந்து: யாரை அதிகம் தூக்கிப் பிடிக்கிறோம், யாரை மறந்துவிட்டோம்?

வானநீலம்:
ரொம்ப நாளாக மனதில் இருக்கும் கேள்வி இது. வட கரோலினா பல்கலைக்கழகத்தின் ஆண்கள் அணி ஆறு முறை என்.சி.ஏ.ஏ. (அமெரிக்கக் கல்லூரிகளின் தேசிய) பட்டம் வென்றிருக்கிறது: 1957, 1982, 1993, 2005, 2009, 2017. சேப்பல் ஹில்லில் அணியின் அரங்கமான ஸ்மித் சென்டருக்குள் போய் அண்ணாந்து பார்த்தால் ஜெர்சிகள் வரிசையாகத் தொங்கும். அவற்றில் இரண்டு வகை உண்டு. சிலருக்கு எண்ணையே நிரந்தரமாக ஓய்வு கொடுத்துவிடுவார்கள், வேறு யாரும் அதைப் போட முடியாது. மற்றவர்களுக்கு மரியாதைக்காக ஜெர்சியை மாட்டுவார்கள், எண் புழக்கத்தில் இருக்கும். முதல் வகைக்குத் தேசிய அளவில் ஆண்டின் சிறந்த வீரர் விருதுகளில் ஒன்றாவது வாங்கியிருக்க வேண்டும். இந்த விதி நம் பார்வையையே கெடுத்துவிட்டது என்பது என் எண்ணம். விருது வாங்கியவர் பெரியவர், வாங்காதவர் துணை நடிகர் என்று ஆகிவிட்டது.

என் தேர்வைச் சொல்லிவிடுகிறேன். அதிகம் தூக்கிப் பிடிக்கப்படுபவர் டைலர் ஹான்ஸ்ப்ரோ. நான்கு வருடம் ஆடினார், 2,872 புள்ளிகள் சேர்ந்தன. சரி. ஆனால் 2009 பட்டத்தைப் பாருங்கள். அந்த வருடம் நம் லீகான ஏ.சி.சி.யின் சிறந்த வீரர் டை லாசன். இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் வெய்ன் எலிங்டன். மிச்சிகன் ஸ்டேட்டுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் லாசன் 21 புள்ளிகள் எடுத்ததோடு எட்டு முறை பந்தைப் பறித்தார். பட்டம் வந்தது அந்த கார்டுகளால் (வெளியே நின்று ஆடுபவர்கள்). கொண்டாடுவது மட்டும் ஹான்ஸ்ப்ரோவின் 50ஆம் எண்ணை.

கண்டுகொள்ளப்படாதவர் ஜார்ஜ் லிஞ்ச். 1993 அணியின் சீனியர், கேப்டன். அவர் போட்ட 34ஆம் எண்ணை அப்புறம் டேவிட் நோயலும் பிராண்டன் ரைட்டும் போட்டார்கள்.

ஆறாம் ஆள்:
லிஞ்ச் பற்றிச் சொன்னதில் எனக்கும் உடன்பாடுதான். ஹான்ஸ்ப்ரோ விஷயத்தில் துளியும் இல்லை.

அவரைக் குறைத்துப் பேசுகிறவர்கள் எல்லாரும் தொழில்முறை லீகான என்.பி.ஏ.வை மனதில் வைத்துப் பேசுகிறார்கள். 2009 என்.பி.ஏ. வீரர் தேர்வில் 13ஆவது ஆளாக இண்டியானா பேசர்ஸுக்குப் போனார், அங்கே நட்சத்திரம் ஆகவில்லை. அதனால் கல்லூரியில் செய்ததும் ஏதோ குறைவு என்று ஆகிவிடுமா? கல்லூரி ஆட்டத்தைக் கல்லூரி ஆட்டமாகப் பாருங்கள்.

2008இல் முக்கியமான எல்லா விருதுகளையும் அள்ளினார். ஆனால் அந்த வருடம் ஃபைனல் ஃபோரில் (கடைசி நான்கு அணிகளின் சுற்று) கன்சாஸ் நம்மைக் கசக்கிப் பிழிந்தது. ஒரு கட்டத்தில் 40–12. அதோடு கிளம்பியிருக்கலாம், என்.பி.ஏ. பணம் காத்திருந்தது. அவர் திரும்பி வந்தார். அந்த முடிவு இல்லாமல் 2009 பட்டம் வந்திருக்கும் என்று நீங்கள் நினைத்தால், அந்த சீசனில் எதிரணி எத்தனை பேரை அவர் மேல் போட்டது என்று பழைய ஆட்டங்களை எடுத்துப் பாருங்கள். லாசனுக்கும் எலிங்டனுக்கும் இடம் கிடைத்ததே எதிரணி உள்ளே சுருங்கியதால்தான்.

இன்னொன்று. நம் பரம எதிரி டியூக்கின் கேமரன் அரங்கில் நான்கு வருடம் போனார், நான்கு முறையும் ஜெயித்தார். அதில் முதலாவது டியூக் நட்சத்திரம் ஜே.ஜே. ரெடிக்கின் கடைசி உள்ளூர் ஆட்டம். அப்போது ஹான்ஸ்ப்ரோ முதல் வருட மாணவர். கரோலினா ரசிகனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

கேரிவாசி:
இருவரும் பெரிய ஆளைத் தொடத் தயங்குகிறீர்கள். நான் சொல்கிறேன். கரோலினா வரலாற்றில் அதிகம் தூக்கிப் பிடிக்கப்படும் கல்லூரி வீரர் மைக்கேல் ஜோர்டன்.

அடிக்க வருவதற்கு முன் கேளுங்கள். சிகாகோ புல்ஸ் ஜோர்டனைப் பற்றிப் பேசவில்லை. 1981 முதல் 1984 வரை சேப்பல் ஹில்லில் ஆடிய மாணவரைப் பற்றிப் பேசுகிறேன். மூன்று சீசன், 1,788 புள்ளிகள், ஒரு பட்டம். அந்தப் பட்டமும் அவர் முதல் வருடத்தில், ஜேம்ஸ் வொர்தியின் அணியில். 1982 இறுதி ஆட்டத்தில் வொர்தி 28 புள்ளிகள், 17 முறை எறிந்து 13 உள்ளே. சிறந்த வீரரும் அவர்தான். நாம் நினைவில் வைத்திருப்பது இடது பக்கத்திலிருந்து ஜோர்டன் போட்ட ஒரே ஒரு ஷாட்.

அதன்பிறகு? 1983இல் ஜார்ஜியாவிடம் தோல்வி. 1984இல் 28–3 என்று கலக்கிய அணி, இண்டியானாவிடம் 72–68 என்று தோற்றது. ஜோர்டன் எடுத்தது 13 புள்ளிகள்.

எண்பத்திரண்டு:
கேரிவாசி, 1982 இறுதியை நான் நேரலையில் பார்த்தவன். அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது கல்லூரி ஆட்டத்தில் ஷாட் கிளாக் (இத்தனை நொடிக்குள் எறிய வேண்டும் என்ற கெடு) கிடையாது. மூன்று புள்ளிக் கோடும் கிடையாது. தேசிய அளவில் 45 நொடி ஷாட் கிளாக் வந்தது 1985–86 சீசனில், மூன்று புள்ளிக் கோடு அதற்கு அடுத்த சீசனில். இறுதி ஆட்டமே 63–62 என்று முடிந்த காலம் அது. பயிற்சியாளர் டீன் ஸ்மித்தின் அணியில் பந்து எல்லார் கைக்கும் போகும், ஒருவரே எறிந்து தள்ள முடியாது. அதில் முதல் வருடப் பையன் சராசரியாக 13.5 புள்ளிகள் எடுத்ததை இன்றைய கணக்கில் பார்க்கக் கூடாது. அடுத்த வருடம் ஏ.சி.சி. பரிசோதனையாக 30 நொடி ஷாட் கிளாக்கும் மூன்று புள்ளிக் கோடும் வைத்தது. உடனே அவர் சராசரி 20ஐத் தொட்டது.

அப்புறம் அந்த “ஒரே ஒரு ஷாட்”. ஜார்ஜ்டவுன் ஒரு புள்ளி முன்னிலை. டைம் அவுட் முடிந்து பந்து சுற்றுகிறது. ஜார்ஜ்டவுன் நம் வொர்தியையும் சாம் பெர்கின்ஸையும் உள்ளே நெருக்கி அடைத்துவிட்டது. நம் ஜிம்மி பிளாக் பந்தை வலது பக்கத்திலிருந்து குறுக்கே இடது பக்கம் வீசுகிறார். அங்கே 19 வயதுப் பையன், அந்த அணியின் ஒரே முதல் வருட ஸ்டார்ட்டர், ஒரு நொடிகூடத் தயங்காமல் எழும்பினான். அதற்குமுன் ஆறு முறை ஃபைனல் ஃபோர் போயும் பட்டம் கிடைக்காத பயிற்சியாளர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அந்த ஷாட்டை “ஒன்றுதானே” என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த இரவு அவர் எடுத்தது 16 புள்ளிகள், ஒன்பது ரீபவுண்ட் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடித்தது). அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இண்டியானா ஆட்டம் உண்மைதான். ஆரம்பத்திலேயே இரண்டு ஃபவுல் வாங்கி உட்கார வேண்டியதாயிற்று. அது இன்றும் வலிக்கிறது.

ஆனால் உங்கள் வாதத்தில் ஒரு பாதி சரி என்று ஒப்புக்கொள்கிறேன். அந்த அணிகளில் ஜோர்டன் வெளிச்சத்தில் மறைந்துபோனவர் ஒருவர் இருக்கிறார்: சாம் பெர்கின்ஸ். 2,145 புள்ளிகள், 1,167 ரீபவுண்ட். தொடர்ந்து மூன்று வருடம் ஆல் அமெரிக்கன், அதாவது நாட்டின் சிறந்த கல்லூரி வீரர்கள் பட்டியலில். தேசிய விருது இல்லாததால் 41ஆம் எண்ணுக்கு ஓய்வு இல்லை. வொர்திக்கு உண்டு, ஜோர்டனுக்கு உண்டு, நடுவில் நின்ற பெர்கின்ஸுக்கு இல்லை.

கேரிவாசி:
ஷாட் கிளாக் விஷயம் நியாயம். அதை நான் யோசிக்கவில்லை. ஆனாலும் பெர்கின்ஸைவிட ஜோர்டன் பெரிய கல்லூரி வீரர் என்று எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது சிகாகோவில் நடந்ததால்தான். ஹான்ஸ்ப்ரோவை என்.பி.ஏ. வைத்துக் குறைக்கக் கூடாது என்றால், ஜோர்டனை என்.பி.ஏ. வைத்து ஏற்றவும் கூடாது. ஆறாம் ஆள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

ஆறாம் ஆள்:
சொல்கிறேன். ஒப்புக்கொள்கிறேன். கல்லூரி ஆட்டத்தை மட்டும் வைத்து வரிசைப்படுத்தினால் ஹான்ஸ்ப்ரோ, பழைய கரோலினா கார்டு ஃபில் ஃபோர்டு இருவரும் எனக்கு ஜோர்டனுக்கு மேலே. அதனால் ஜோர்டன் சாதாரணர் ஆகிவிட மாட்டார், வரிசை மாறும் அவ்வளவுதான்.

அதிகம் தூக்கிப் பிடிக்கப்படுபவர்களில் சமீப காலத்தில் இன்னொரு பெயர் இருக்கிறது. கேலப் லவ். 2022 ஃபைனல் ஃபோரில் டியூக்கை 81–77 என்று வென்றோம், டியூக் பயிற்சியாளர் ஷெஷெவ்ஸ்கியின் கடைசி ஆட்டம் அது. லவ் 28 புள்ளிகள். கடைசி நிமிடத்தில் டியூக்கின் மார்க் வில்லியம்ஸ் தலைக்கு மேல் போட்ட மூன்று புள்ளி ஷாட் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆனால் இரண்டு நாள் கழித்து கன்சாஸுக்கு எதிரான இறுதியில் 24 முறை எறிந்து ஐந்துதான் உள்ளே. இடைவேளையில் 40–25 என்று முன்னிலையில் இருந்து 72–69 என்று தோற்றோம். அடுத்த சீசன் முதலிடத்தில் தொடங்கிய அணி போட்டித் தொடருக்கே தகுதி பெறவில்லை. ஒரு இரவு ஒருவரை எவ்வளவு தூரம் தூக்கிவிடும் என்பதற்கு அவர்தான் உதாரணம்.

வானநீலம்:
லவ் சரி. ஆனால் டியூக்கை அந்த இடத்தில் வென்ற இரவை நான் யாருக்காகவும் குறைத்துப் பேச மாட்டேன்.

லிஞ்ச்சைப் பற்றி யாரும் விவரமாகப் பேசவில்லை, அதனால் நானே சொல்கிறேன். 1993 இறுதி ஆட்டம் என்றதும் எல்லாருக்கும் நினைவு வருவது மிச்சிகனின் கிறிஸ் வெபர், தன் அணிக்கு மிச்சம் இல்லாத டைம் அவுட்டைக் கேட்டது. ஏதோ அவர் தானாகவே தடுமாறி நமக்குப் பட்டத்தைத் தாரைவார்த்தது போலப் பேசுகிறார்கள். அந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். 73–71. வெபர் ரீபவுண்ட் எடுத்துப் பந்தைத் தட்டிக்கொண்டு மேலே வருகிறார். வலது ஓரம், மிச்சிகன் பெஞ்சுக்கு முன்னால். நம் டெரிக் ஃபெல்ப்ஸும் லிஞ்ச்சும் அவரை மூலையில் மடக்குகிறார்கள். ஒரு பக்கம் கோடு, இன்னொரு பக்கம் லிஞ்ச்சின் நீட்டிய கைகள். பாஸ் கொடுக்க வழியே இல்லை. 11 நொடி மிச்சம். அப்போதுதான் டைம் அவுட் கேட்கிறார். பிழை வெபருடையதாக இருக்கலாம், அந்த மூலையைக் கட்டியது நம் ஆட்கள். அப்படிக் கேட்டதற்கு டெக்னிகல் ஃபவுல், நம் டோனால்ட் வில்லியம்ஸ் ஃப்ரீ த்ரோக்களைப் போட்டார், 77–71. வில்லியம்ஸுக்கு 25 புள்ளிகள், சிறந்த வீரர் பட்டம். லிஞ்ச்சுக்கு 12 புள்ளிகள், 10 ரீபவுண்ட், அந்தப் பட்டம் இல்லை.

அதே வருடம் ஜனவரியில் ஃபுளோரிடா ஸ்டேட் ஆட்டம். இரண்டாம் பாதியில் சுமார் 20 புள்ளிகள் பின்தங்கிய நம் அணி திரும்பி வந்து 82–77 என்று வென்றது. நம்மை முன்னிலைக்குக் கொண்டுவந்தது யார்? எதிரணியின் சார்லி வார்டு குறுக்கே வீசிய பந்தைப் பறித்துக்கொண்டு ஓடி டங்க் அடித்த லிஞ்ச்.

கேரிவாசி:
அந்தக் கணக்கில் பார்த்தால் கென்னடி மீக்ஸையும் சேர்க்க வேண்டும். 2017 அரையிறுதியில் ஒரெகனை 77–76 என்று தாண்டினோம். மீக்ஸ் 25 புள்ளிகள், 14 ரீபவுண்ட். கடைசி ஆறு நொடிக்குள் அவர் இரண்டு ஃப்ரீ த்ரோ தவறவிட்டார், ஜோயல் பெர்ரி இரண்டு தவறவிட்டார். முதல் முறை தியோ பின்சன் பந்தைத் தட்டிக் கொடுத்தார், இரண்டாவது முறை மீக்ஸே ரீபவுண்ட் எடுத்தார். தன் தவறை மறந்துவிட்டு அடுத்த பந்துக்குப் போனார். கொன்சாகாவுக்கு எதிரான இறுதியில் மூன்று புள்ளி முன்னிலையில் இருந்தபோது எதிரணியின் நைஜல் வில்லியம்ஸ்-காஸின் ஷாட்டைத் தடுத்ததும் அவர்தான். சேப்பல் ஹில்லுக்கு வரும்போது 300 பவுண்டுக்கு மேல் இருந்த பையன், உடம்பைக் குறைத்து அந்த இடத்துக்கு வந்தார்.

எண்பத்திரண்டு:
மீக்ஸ், லிஞ்ச், பெர்கின்ஸ் மூவருக்கும் என் ஓட்டு உண்டு. ஆனால் மூவருக்கும் குறைந்தபட்சம் ஒரு பட்டம் கிடைத்தது. அதுவும் கிடைக்காத ஒருவரைப் பற்றி இங்கே யாரும் பேசவில்லை. சார்லி ஸ்காட்.

கரோலினாவில் உதவித்தொகையோடு விளையாடிய முதல் கறுப்பின விளையாட்டு வீரர். 1967 முதல் 1970 வரை. 1968 ஒலிம்பிக்கில் தங்கம். இரண்டு முறை ஃபைனல் ஃபோர். 1969 ஏ.சி.சி. தொடரின் இறுதியில் டியூக்குக்கு எதிராக 40 புள்ளிகள், அதில் 28 இரண்டாம் பாதியில். இதற்கெல்லாம் பிறகு ஏ.சி.சி. சிறந்த வீரர் விருது சவுத் கரோலினாவின் ஜான் ரோச்சுக்குப் போனது. சில வாக்காளர்கள் ஸ்காட்டைத் தங்கள் முதல் அணியிலேயே சேர்க்கவில்லை. காரணம் என்னவென்று எல்லாருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அடுத்த ஆட்டத்தில் விளையாடவே வேண்டாம் என்று யோசித்தார்.

ஆனாலும் இறங்கினார். எதிரணி டேவிட்சன். முதலில் அங்கே சேர்வதாகத்தான் வாக்குக் கொடுத்திருந்தார். ஸ்கோர் 85–85, கடைசி நொடிகள். பந்து ஸ்காட்டின் கையில். எழும்பி எறிந்தார், 87–85. மொத்தம் 32 புள்ளிகள். அணி ஃபைனல் ஃபோருக்குப் போனது. அடுத்த வருடம் ஆட்டத்துக்குச் சராசரி 27 புள்ளிகள் எடுத்தார், விருது மறுபடியும் ரோச்சுக்கே.

அவர் போட்ட எண் 33. ஸ்மித் சென்டரில் 33க்கு ஓய்வு கொடுத்திருக்கிறார்கள், ஆன்டான் ஜேமிசன் பெயரில். ஜேமிசன் 1998இல் தேசிய விருது வாங்கினார், அதற்குத் தகுதியானவர், அதில் சந்தேகமில்லை. ஸ்காட்டின் 33 மரியாதை வரிசையில் தொங்குகிறது. வாக்காளர்கள் 1969இல் செய்தது, விதியின் வழியாக இன்றைக்கும் அந்தக் கூரையில் இருக்கிறது.

ஆறாம் ஆள்:
டேவிட்சன் ஷாட் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். அது அந்த விருதுக்குப் பிறகு நடந்தது என்று இன்றுதான் தெரிந்துகொண்டேன். நன்றி சார்.

கேரிவாசி:
நான் ஜோர்டன் விஷயத்தில் பாதி இறங்கி வருகிறேன். “அதிகம் தூக்கிப் பிடிக்கப்பட்டவர்” என்பதற்குப் பதில் “பெர்கின்ஸ் செலவில் தூக்கிப் பிடிக்கப்பட்டவர்” என்று மாற்றிக்கொள்கிறேன். அதற்குக் கீழே போக மாட்டேன்.

வானநீலம்:
ஹான்ஸ்ப்ரோ பற்றி என் கருத்து மாறவில்லை, ஆனால் கேமரனில் நான்குக்கு நான்கு என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. கண்டுகொள்ளப்படாதவர் பட்டியலை மட்டும் திருத்துகிறேன்: முதலில் ஸ்காட், அப்புறம் லிஞ்ச், மூன்றாவது பெர்கின்ஸ். மீக்ஸுக்காக கேரிவாசி இன்னும் சண்டை போடலாம், நான் இங்கேதான் இருப்பேன்.