தள்ளாடும் தாத்தா பாட்டி, தத்தித் தத்தி ஓடும் பேரன்: கப்பல் பயணம் சரிவருமா?

மணற்சிற்பி

எங்கள் வீட்டில் பத்து நாட்களாக ஓயாத வாக்குவாதம். உங்களிடம் கொண்டுவருகிறேன்.

அப்பாவுக்கு 82 வயது. கைத்தடியோடு நூறடி நடந்தால் உட்கார இடம் தேடுவார். அம்மாவுக்கு 77. இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன; சர்க்கரையும் இருக்கிறது. என் மகனுக்கு 19 மாதம். நான், கணவர், தம்பி, தம்பி மனைவி என்று மொத்தம் ஏழு பேர். ஏழு இரவுகள் சொகுசுக் கப்பலில் போகலாம் என்பது என் ஆசை. ஒருமுறை பெட்டியைப் பிரித்து வைத்தால் போதும், ஊர்கள் நம்மைத் தேடி வரும். அப்பாவை பஸ்ஸிலும் ரயிலிலும் ஏற்றி இறக்க வேண்டியதில்லை. தம்பி ஒரேயடியாக மறுக்கிறான். "நடுக்கடலில் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வாய்?" என்கிறான். என்னிடம் அதற்குப் பதில் இல்லை. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

கரையோரம்

உங்கள் தம்பி சொல்வது சரி. நான் போய் வந்தவன், அதனால் சொல்கிறேன்.

மாமியார், மாமனார், இரண்டு வயது மகள் ஆகியோருடன் போனோம். எங்கள் கேபின் கப்பலின் பின்கோடியில் இருந்தது. பெரிய கப்பல்கள் 300 மீட்டர் நீளத்துக்கு மேல் இருக்கும். மிகப் பெரியவை 360 மீட்டரையும் தாண்டும். சாப்பாட்டு அறை மறுகோடியில். மாமியார் முதல் நாள் இரண்டு முறை அந்த நடைகூடத்தைக் கடந்தார். இரண்டாம் நாள் ஒருமுறை. மூன்றாம் நாள் முதல் "எனக்குப் பசியில்லை, நீங்கள் போய்ச் சாப்பிடுங்கள்" என்று கட்டிலில் படுத்துக்கொண்டார். பசியில்லை என்பதை நாங்களும் நம்பினோம். அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கனக்கிறது.

குழந்தையின் பாடு வேறு. டயாபர் கட்டும் குழந்தைகளைப் பெரும்பாலான கப்பல்களில் நீச்சல் குளத்தில் இறங்க விடமாட்டார்கள். நீச்சலுக்கென்றே செய்த டயாபரும் கணக்கில் வராது, அது சுகாதார விதி. குழந்தைகள் மன்றத்தில் மூன்று வயது நிறைந்து, கழிவறைப் பழக்கமும் வந்த பிறகே சேர்ப்பார்கள். ஆக, தண்ணீரைப் பார்த்து அழும் குழந்தையை ஒருவர் தூக்கிக்கொண்டு நடக்க, இன்னொருவர் பெரியவர்களுக்குக் காவல். அதற்குக் கப்பல் எதற்கு? ஏரிக்கரையிலோ கடற்கரையிலோ தரைத்தளத்தில் ஒரு வீட்டை ஒரு வாரம் வாடகைக்கு எடுங்கள். பக்கத்தில் மருத்துவமனை இருக்கும். குழந்தை மண்ணில் விளையாடும்.

நீலத்திரை

கரையோரம் அவர்களே, உங்கள் மாமியார் பட்டது வருத்தம் தருகிறது. ஆனால் அது கப்பலின் குற்றமா, கேபினைத் தேர்ந்தெடுத்த முறையின் குற்றமா?

லிஃப்டுக்கு அருகில், கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் கேபின் எடுத்தால் நடை பாதியாகக் குறையும், ஆட்டமும் அங்கேதான் குறைவு. நடக்க முடிகிறவர்களுக்கும் ஒரு சக்கர நாற்காலியைக் கூடவே கொண்டுபோக வேண்டும். நடக்கத் தெரிந்தவருக்கு எதற்கு என்று கூச்சப்படுவதால்தான் பலர் அறையிலேயே அடைந்து கிடக்கிறார்கள்.

குழந்தை விஷயத்திலும் முழுப் படத்தை நீங்கள் சொல்லவில்லை. பல நிறுவனங்கள் ஆறு மாதம் நிறைந்த குழந்தைகளை ஏற்றுகின்றன; பெருங்கடலைக் கடக்கும் நீண்ட பயணம் என்றால் ஒரு வயது நிறைந்திருக்க வேண்டும் என்பார்கள். ராயல் கரீபியன், டிஸ்னி போன்றவற்றின் கப்பல்களில் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளுக்குத் தனிக் காப்பகமே இருக்கிறது. டயாபர் கட்டிய குழந்தைகளுக்கென்று தண்ணீர் விளையாட்டு இடம் தனியாக உள்ள கப்பல்களும் உண்டு. எல்லாக் கப்பலிலும் இல்லை, கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

வாடகை வீடு என்கிறீர்கள். அங்கே ஏழு பேருக்கு மூன்று வேளை யார் சமைப்பது? யார் பாத்திரம் கழுவுவது? இதைப் பேசாமல் வீட்டைப் பரிந்துரைப்பது, வீட்டுப் பெண்களின் விடுமுறையைக் கணக்கிலேயே சேர்க்காதது. மணற்சிற்பிக்கும் அவர் தம்பி மனைவிக்கும் அது விடுமுறையே அல்ல, இடம் மாறிய வீட்டுவேலை.

கரையோரம்

சமையல் பற்றிச் சொன்னது நியாயம். அதை நான் யோசிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

சக்கர நாற்காலி விஷயத்தில் ஒப்ப மாட்டேன். சாதாரண கேபின் கதவுகள் குறுகலானவை, பலவற்றில் சக்கர நாற்காலி நுழையாது. மடித்து ஓரமாக வைக்க வேண்டும். குளியலறை வாசலில் தண்ணீர் வெளியே வராதபடி உயர்ந்த விளிம்பு ஒன்று இருக்கும். காலைத் தூக்கி வைத்துத்தான் உள்ளே போக முடியும். இடுப்பெலும்பு முறிந்தவருக்கு இரவு இரண்டு மணிக்கு, ஆடும் கப்பலில், தடுக்கி விழ அந்த விளிம்பு போதும். அகலக் கதவும் விளிம்பில்லாத குளியலறையும் கொண்ட கேபின்கள் ஒரு கப்பலில் மிகச் சிலவே. அவை மற்றவற்றுக்கு முன்பே தீர்ந்துவிடும்.

அடுத்தது டெண்டர் படகு. சில துறைமுகங்களில் கப்பல் கரையை ஒட்டி நிற்காது. தள்ளி நங்கூரம் போட்டுச் சிறிய படகில் கரைக்குக் கொண்டுபோவார்கள். அலை கொஞ்சம் உயர்ந்தால் சக்கர நாற்காலியில் இருப்பவரை ஏற்ற மறுக்கலாம், அவர்களுக்கு அந்த உரிமை உண்டு. ஊர்கள் நம்மைத் தேடி வரும் என்றீர்கள். வரும், ஆனால் உங்கள் அப்பா அவற்றை மேல் தளத்திலிருந்து பார்ப்பார்.

2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமாவில் டைமண்ட் பிரின்சஸ் கப்பல் நின்றதையும் மறக்காதீர்கள். அதிலிருந்த 3,711 பேரில் 712 பேருக்குக் கொரோனா தொற்று. பயணிகளில் பெரும்பகுதி முதியவர்கள். பலர் சன்னல்கூட இல்லாத கேபின்களில் நாட்கணக்கில் அடைந்து கிடந்தார்கள்.

மருந்துப்பெட்டி

முதியோர் பிரிவில் செவிலியாக இருபது ஆண்டுகள் வேலை செய்தவள். போகலாமா வேண்டாமா என்று சொல்ல வரவில்லை. தம்பி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறேன்.

கப்பலில் மருத்துவரும் செவிலியர்களும் இருப்பார்கள். இதயத்துடிப்பைப் பதிவுசெய்வார்கள், சில ரத்தப் பரிசோதனைகள் செய்வார்கள், நிலைமையைக் கட்டுக்குள் கொண்டுவருவார்கள். இடுப்பெலும்பு மறுபடி முறிந்தால் அங்கே அறுவை சிகிச்சை நடக்காது. அடுத்த துறைமுகத்தில் இறக்குவார்கள், அல்லது கரை எட்டும் தூரத்தில் இருந்தால் ஹெலிகாப்டர் வரும். இதற்கு ஆகும் செலவு ஒரு குடும்பத்தையே சாய்த்துவிடும். எனவே அவசர மீட்பையும் சேர்த்துக் காப்பீடு எடுக்காமல் காலை எடுத்து வைக்காதீர்கள். ஏற்கெனவே உள்ள நோய்கள் எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். சர்க்கரையை மறைத்துவிட்டு எடுத்த காப்பீடு தேவைப்படும் நாளில் கைவிட்டுவிடும்.

மாத்திரைகளை எப்போதும் கைப்பையில் வையுங்கள். துறைமுகத்தில் ஒப்படைக்கும் பெரிய பெட்டி கேபினுக்கு வந்து சேரப் பல மணி நேரம் ஆகலாம். பயண நாட்களைவிட நான்கைந்து நாட்களுக்கு அதிகமாகவே எடுத்துப் போங்கள்.

கடல் மயக்கத்துக்குக் காதின் பின்புறம் ஒட்டும் ஸ்கோபோலமைன் மருந்துப் பட்டையைப் பலரும் பரிந்துரைப்பார்கள். உங்கள் மருத்துவரைக் கேட்காமல் பெற்றோருக்கு ஒட்டாதீர்கள். முதியவர்களுக்கு அது மனக்குழப்பத்தையும் சிறுநீர் அடைப்பையும் உண்டாக்கலாம். கண் அழுத்தம் உள்ள சிலருக்கு ஆபத்து. எங்கள் பிரிவில் ஒரு பெரியவர் அந்தப் பட்டையால் தன் மகளையே யாரென்று கேட்டார். பட்டையை எடுத்து ஒரு நாள் கழித்துத்தான் தெளிந்தார். குழந்தைக்கு அது கூடவே கூடாது. இரண்டு வயதுக்குள் கடல் மயக்கம் வருவது அரிது என்பது ஓர் ஆறுதல்.

நான் உண்மையில் அஞ்சுவது நோரோவைரஸ். வாந்தியும் பேதியும் ஒன்று முதல் மூன்று நாட்கள் இருக்கும். நமக்கு அது சிரமம், 80 வயதுக்காரருக்கும் 19 மாதக் குழந்தைக்கும் நீர்ச்சத்து இறங்கிவிடும். வாசலில் வைத்திருக்கும் சானிட்டைசர் அந்தக் கிருமிக்குச் சரிவராது. சோப்பும் தண்ணீரும் போட்டு இருபது நொடி கழுவ வேண்டும். பேரன் லிஃப்ட் பொத்தானைத் தொட்டுவிட்டுத் தாத்தாவுக்கு ஊட்டிவிடுவான். அவன் கையைத்தான் முதலில் கழுவ வேண்டும்.

நீலத்திரை

இவ்வளவு தெளிவாக யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை, நன்றி. நான் இரண்டு சேர்க்கிறேன். 2012-இல் கோஸ்டா கான்கார்டியா என்ற கப்பல் கவிழ்ந்தபோது, அன்று மாலை ஏறிய நூற்றுக்கணக்கானோருக்குப் பாதுகாப்புப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. 32 பேர் இறந்தார்கள். அதன் பிறகு விதியை மாற்றினார்கள். 2015 முதல் கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி முடிந்தாக வேண்டும். அதில் உங்கள் அப்பா எந்த வழியாகக் கீழே வருவார், யார் துணைக்கு வருவார்கள் என்று கப்பல் ஊழியர்களிடம் கேட்டுப் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். ஆபத்து நேரத்தில் லிஃப்டை நம்ப முடியாது. குழந்தை அளவு லைஃப் ஜாக்கெட் கேபினுக்கு வந்துவிட்டதா என்று அன்றே பாருங்கள்.

இன்னொன்று பால்கனி. அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வந்துபோகும் கப்பல்களில் கைப்பிடிக் கம்பி 42 அங்குல உயரம் இருக்க வேண்டும் என்று 2010-இல் சட்டம் வந்தது. தரையில் நிற்கும் குழந்தைக்கு அது போதும், நாற்காலி மேல் ஏறிய குழந்தைக்குப் போதாது. பால்கனி நாற்காலிகளை உள்ளே எடுத்துவிடுங்கள்.

பழுத்த இலை

எனக்கு 79 வயது. எல்லாவற்றையும் படித்தேன். கேபின், காப்பீடு, கிருமி, கம்பியின் உயரம் எல்லாம் பேசினீர்கள். அந்த 82 வயதுக்காரரும் 77 வயது அம்மாவும் என்ன சொன்னார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்களைப் பெட்டிகளோடு பெட்டியாக வைத்துப் பேசுகிறீர்கள்.

என் பிள்ளைகளும் அன்பினால்தான் என்னைக் கப்பலில் அழைத்துப் போனார்கள். ஒவ்வொரு துறைமுகத்திலும் இறங்கி நான்கு மணி நேரம் பஸ்ஸில் சுற்றிக் காட்டினார்கள். எனக்கு அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டும். அதை மருமகள் முன்னால் எப்படிச் சொல்வேன்? காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டேன். வழியில் கொடுத்த தண்ணீர்ப் பாட்டிலை வாங்கி, குடிப்பதுபோல் உதட்டில் வைத்துவிட்டு மூடிவிடுவேன். மூன்றாம் துறைமுகத்தில் வெயிலில் சாய்ந்துவிட்டேன். கப்பல் மருத்துவர் குளுக்கோஸ் ஏற்றினார். பிள்ளைகள் வெயில் என்று நினைத்தார்கள். இன்றுவரை அவர்களுக்குத் தெரியாது, இங்கே முகம் தெரியாதவர்களிடம் எழுதுகிறேன்.

மகளே, அவர்களைத் தனித்தனியாகக் கேள். சேர்த்து உட்கார வைத்துக் கேட்டால் "உங்கள் விருப்பம்" என்றுதான் சொல்வார்கள்.

கரையோரம்

ஐயா, என் மாமியாருக்குப் பசியில்லாமல் போனதன் அர்த்தம் இப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிகிறது.

மணற்சிற்பி (நான்கு நாட்களுக்குப் பிறகு)

ஐயா சொன்னபடி தனித்தனியாகக் கேட்டேன்.

அப்பா எந்த ஊரிலும் இறங்க வேண்டாம் என்கிறார். "நீங்கள் போய் வாருங்கள், நான் பேரனோடு கடலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்" என்றார். நான் இரவெல்லாம் விழித்துத் துறைமுகம் துறைமுகமாகப் போட்ட திட்டத்தில் அவருக்கு வேண்டியது ஒன்றுகூட இல்லை.

அம்மா முதலில் எதுவும் சொல்லவில்லை. துணி மடித்துக்கொண்டே, கடைசித் துண்டை இரண்டு முறை பிரித்து மடித்துவிட்டு, "அங்கே நான் எப்படிக் குளிப்பேன்?" என்று கேட்டார். வீட்டில் முக்காலியில் உட்கார்ந்து, சுவரில் உள்ள கம்பியைப் பிடித்துக்கொண்டு குளிக்கிறார். விழுந்த நாளிலிருந்து கதவைத் தாழிடுவதில்லையாம். அதுவே எனக்குப் புதிய செய்தி.

ஏழு இரவுகளைக் கைவிட்டுவிட்டோம். நான்கு இரவுப் பயணம் ஒன்றில் விளிம்பில்லாத குளியலறையும் உட்காரும் பலகையும் உள்ள கேபின் கிடைக்கிறது. பக்கத்துக் கேபின் எங்களுக்கு. இடையில் கதவு இல்லை என்பதால் இரவில் யாராவது ஒருவர் பெற்றோர் அறையில் படுப்போம். டெண்டர் படகு உள்ள துறைமுகம் எதுவும் இல்லை. விமானம் ஏறாமல் காரிலேயே போய்விடலாம். ஒவ்வொரு துறைமுகத்திலும் எங்கள் நால்வரில் ஒருவர் கப்பலில் தங்குவார். முதல் முறை நான் தங்குகிறேன் என்று தம்பியே சொன்னான். அப்பாவைப் பேரனோடு தனியே விட முடியாது, ஓடினால் அவரால் பிடிக்க முடியாது.

கரையோரம்

எனக்கு இன்னும் முழுச் சம்மதமில்லை. நான்கு இரவு, காரில் போகும் தூரம் என்பதால் மறுக்கவும் முடியவில்லை. பணத்தைத் திரும்பப் பெறும் கடைசித் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு வாரம் முன்பு அம்மாவை மறுபடி கேளுங்கள். வேண்டாம் என்றால் யாரும் முகம் சுளிக்காமல் ரத்து செய்யுங்கள்.

மருந்துப்பெட்டி

அந்தக் குளியலறையின் புகைப்படத்தையும் அளவையும் நிறுவனத்திடம் கேட்டு வாங்கி அம்மாவிடம் காட்டுங்கள். கம்பி எந்தப் பக்கம் இருக்கிறது என்பது முக்கியம். அறுவை சிகிச்சை நடந்த பக்கத்துக்கு ஏற்றதாக இல்லாவிட்டால் வேறு கேபின் கேளுங்கள்.

பழுத்த இலை

அப்பா உட்காரும் இடத்தையும் இப்போதே தேடிவை, மகளே. உச்சித் தளத்தில் காற்று முகத்தில் அறையும், கூட்டமும் இருக்கும். பல கப்பல்களில் உயிர்காப்புப் படகுகள் தொங்கும் தளத்தில் ஒரு நடைபாதை உண்டு. மேலே படகுகள் நிழல் தரும், தண்ணீர் அருகில் தெரியும், பெரும்பாலும் ஆளிருக்காது. தள வரைபடத்தில் பார், பெற்றோரின் கேபினிலிருந்து அங்கே போக எத்தனை அடி நடக்க வேண்டும் என்று. நூறுக்குள் இருந்தால் கைத்தடியோடு அவரே போய்விடுவார்.